ஞாயிற்றுக்கிழமை போக இருந்தவன்

என் மகன் மில்ரனுக்கு விளைமீன் சொதி என்றால் தேசிக்காய்ப் புளி சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும், மிஸ். தேங்காய்ப்பால் திரையாமல் இருக்க, அடுப்பிலிருந்து இறக்கித்தான் புளி விடுவேன். நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அந்தக் கதிரையில் இருங்கள். மற்றதற்குக் கால் ஆடும். நல்ல கதிரைகளை அவன் போதைத் தூளுக்கு விற்றுவிட்டான்.

உங்கள் மறுவாழ்வு நிலையத்தில் சுகமாகி வந்த பிள்ளை எப்படி மறுபடி விழுந்தான், யார் கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்கள். கூட்டாளிகளைச் சந்தேகப்படுகிறீர்கள். பாவம், அவர்கள் இந்தப் படலைப் பக்கம் வந்தே வெகுநாள். நான் சொல்கிறேன், ஆறுதலாகக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையைப் பெற்றவள் கல்யாணத்தன்றே அவனை மறந்துவிட வேண்டும். பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே போய்விடுவான். மில்ரனும் நிறஞ்சலாவைக் கட்டிக்கொண்டு, தலைமன்னாரை விட்டு வங்காலைக்குப் போனான். "கிழமைக்குக் கிழமை வந்து பாப்பன் அம்மா" என்றான். நத்தார்ப் பண்டிகைக்கு வந்தான். கோவில் திருநாளுக்கு வந்தான். அவனுடைய அப்பா அருளப்பு கடலோடு போன பிறகு, இந்த வீட்டில் பேசுவதற்கு ரேடியோ மட்டும்தான் இருந்தது. அதற்குப் பசிக்கவும் பசிக்காது.

பிறகு அவன் தூள் பழகினான். தாலிக்கொடியில் கை வைத்த அன்று நிறஞ்சலா அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் நேரே இங்கே வந்தான். வேறு எங்கே போவான்? குளிக்கவார்த்தேன், சோறு ஊட்டினேன். ஒருநாள் என் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டு போனான். போனவன் பொழுதுபட வந்து "அம்மா" என்று மடியில் படுத்துக்கொண்டான். ஊர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியது. எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் சமைத்ததைச் சாப்பிட வீட்டில் ஓர் ஆள் இருந்தது.

அவனை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான். அதை மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் அவனை மனிதனாக்கி அனுப்பினீர்கள். நிறஞ்சலா பிள்ளையோடு ஞாயிறுகளில் வரத் தொடங்கினாள். முதல் தடவை ஓட்டோவை விட்டே இறங்கவில்லை. அடுத்த தடவை வாசலில் நின்றாள். பிறகொரு நாள் அவன் சட்டையில் பொத்தான் தொங்குவதைக் கண்டு, என்னிடம் ஊசியும் நூலும் கேட்டாள். பேத்தி அவன் தோளில் ஏறி, இறங்க மாட்டேன் என்றாள். அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன், மிஸ். யார் சந்தோஷப்பட மாட்டார்கள்?

"மாமி, வாற ஞாயிறு இவரைக் கூட்டிக்கொண்டு போகப்போறன். நீங்களும் வாங்கோவன். தனிய இருந்து என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை, மனதோடுதான் கேட்டாள். சம்பந்தி வீட்டில் விருந்தாளி மாதிரிக் குந்தியிருக்க என்னால் ஆகாது. சிரித்துச் சமாளித்தேன்.

"கிழமைக்குக் கிழமை வருவன் அம்மா" என்றான் மில்ரன். பழைய பாட்டுத்தான்.

வீட்டில் மிச்சம் மீதி கிடந்தால் தேடி எரித்துவிடச் சொல்லியிருந்தீர்கள். தேடியபோது பழைய வலைக்குள் ஒரு பொட்டலம் அகப்பட்டது. எரிக்காமல் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஏனென்று அப்போது எனக்கே தெரியாது. தொலைந்ததைத் திருப்பித் தருகிறவர் அவர்.

சனிக்கிழமை அவன் சட்டைகளைத் தேய்த்து மடித்தேன். மறுநாள் போட்டுக்கொள்ள இருந்த நீலச் சட்டையை அவன் கட்டிலில் வைத்து, அதன் பைக்குள் பொட்டலத்தையும் வைத்தேன். பிறகு செபமாலை சொல்லக் கோவிலுக்குப் போய்விட்டேன். தூள் கைக்கெட்ட இருக்கையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் படித்துப் படித்துச் சொன்னது நன்றாக நினைவிருந்தது. நான் ஊட்டிவிடவில்லை, மிஸ். அவன் அதைக் கடலில் எறிந்திருக்கலாம். கடல் கூப்பிடு தூரம்தானே. அவன் எறிய வேண்டும் என்றுதான் முழந்தாளிட்டு மன்றாடினேன்.

திரும்பி வந்தபோது குசினி நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தான்.

"என்ர சட்டைக்குள்ள இது எப்பிடியம்மா வந்தது?"

"பழசு ஏதும் கிடந்திருக்கும் ராசா" என்றேன். நம்பினான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவான்.

காலையில் நிறஞ்சலா வந்தாள். அவன் கண்களைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினாள். "அப்பா வாங்கோ" என்று அது கத்தியது சந்தி வரைக்கும் கேட்டது. நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

பொட்டலம் முடிந்ததும் அவனுக்கு நடுக்கம் எடுத்தது. நடுங்குகிற பிள்ளையைப் பெற்றவள் பார்த்துக்கொண்டு இருப்பாளா? யாரிடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். போய் வாங்கி வந்தேன். இன்று காலையும் வாங்கினேன். "வேண்டாமம்மா, மிஸ்ஸைக் கூப்பிடுங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கையைப் பிரித்து நான்தான் வைத்தேன். பக்கத்து வீட்டுத் தம்புவின் போனை எதற்குக் கேட்டு வாங்கினான் என்பது நீங்கள் வந்த பிறகுதான் விளங்குகிறது; அவனே உங்களை அழைத்திருக்கிறான்.

உள் அறையில் படுத்திருக்கிறான். கூட்டிக்கொண்டு போங்கள், நான் மறிக்கவில்லை. நன்றாகச் சுகமாக்குங்கள். ஆனால் சுகமானதும் வங்காலைக்கு அனுப்பாமல் இங்கேயே கொண்டுவந்து விடுங்கள். அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், மிஸ்?