சிவப்பு மருந்து மட்டும் ஏன் ஈரமாகிறது?

"விஞ்ஞானின்னா அவுகளுக்கு எல்லாம் தெரியும்ல? பெறகு எதுக்கு ஒங்கிட்ட கேக்காக?"

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பேருந்தில், முன்சீட்டு அம்மா மகளிடம் கேட்டார். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை என்பது நகக்கண்ணில் ஒட்டியிருந்த மருந்துத் தூளில் தெரிந்தது. மகள் மடியில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பாரம்.

"அந்த விஞ்ஞானி இன்டர்நெட்டுல பொம்பளைப் பிள்ளைக கேள்விக்கெல்லாம் பதில் போடுவாகம்மா. பட்டாசுல பச்சை எப்படி வருதுன்னு பிரவுசிங் சென்டர்லருந்து கேட்டேன். பேரியம்னு ஒரு உப்பாலன்னு சொல்லிட்டு, மருந்து கலக்குறவுக கண்ணால பாத்தது எதையாச்சும் கேட்டு எழுதச் சொன்னாக."

அம்மா நகத்துத் தூளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"பச்சை மருந்து மழைக்காலத்துலயும் உதிரியாத்தான் கெடக்கும். செவப்பு மருந்து ஈரத்தக் குடிச்சுக் கட்டி தட்டிரும். அது ஏன்னு அவுககிட்டயே கேளு."

"கெமிஸ்ட்ரி படிச்சா நானே சொல்லிருவேன்."

"காமர்ஸ்தான்னு பேசி முடிச்சாச்சுல்ல? மருந்துல கை வைக்காம ஆபீஸ்ல ஒக்காரலாம்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்து ஆமத்தூரைத் தாண்டியது. பிறகு அம்மா அந்தப் பாரத்தை எடுத்து, மேலும் கீழும் பார்த்தார்.

"கெமிஸ்ட்ரின்னு இதுல எங்கன போட்டிருக்கு? காட்டு."