பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

அபாய மணி அடித்தபோது நான் முகப்புக் கூடத்தில் ஒரு காலில் மண்டியிட்டு, விருந்துக்கு வந்த ஓர் அம்மாவின் அறுந்த செருப்பு வாருக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். பாதி வேலையில் எழுந்து ஓடுவது மரியாதையாக இருக்காது. குத்தி முடித்து, அவரைக் கண்ணாடி லிஃப்டில் ஏற்றி, கதவு மூடும்வரை நின்றுவிட்டுத்தான் இன்டர்காமை எடுத்தேன். மாலை ஆறு ஐந்து. இன்ஸ்பெக்டர் மேடம், நேரத்தில் மட்டும் நான் தவறு செய்வதில்லை. பதினேழு வருடம் வாசலில் நின்றவன்.

"தம்பி, நான்தான். பொட்டி நின்னு போச்சு."

"எந்த மாடியில?"

"அது தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? பதினொண்ணு தாண்டுன மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள தூக்கிப் போட்டு நிறுத்திட்டான் மகராசன்."

குரலை வைத்தே தெரிந்துவிட்டது. பதினெட்டாம் மாடியில் படுக்கையாகக் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. வாய் ஓயாது என்பதால் ஊழியர்கள் வைத்த பெயர் ரேடியோ. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் காவலாளியாக இருந்தபோது தம்பி என்று கூப்பிட்டார், சரி. மேலாளர் ஆன பிறகு சார் என்று கூப்பிடச் சொன்னேன். சரி தம்பி என்றார்.

எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். முன்பக்கம் இருப்பது கண்ணாடி லிஃப்ட். வீட்டுக்காரர்களுக்கும் அவர்கள் விருந்தாளிகளுக்கும். பின்பக்கம் திறப்பது சாமான் லிஃப்ட். கட்டில், பீரோ, குப்பை, வேலைக்கு வருபவர்கள். அதற்கான அறிவிப்பை எழுதியது நான்தான். குடியிருப்போர் சங்கத்தார் 'வேலைக்காரர்கள்' என்று போடச் சொன்னார்கள். நான் 'உதவியாளர்கள்' என்று மாற்றினேன். மனிதர்களுக்கு மரியாதை வேண்டாமா?

இன்னொரு விதியும் உண்டு. உதவியாளர்கள் கைப்பையோடு மேலே போகக் கூடாது. கீழே என் மேசைக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒரு வீட்டில் மோதிரம் காணாமல் போனதிலிருந்து அப்படி. மோதிரம் குளியலறையிலேயே கிடைத்துவிட்டது, ஆனால் விதி நிலைத்துவிட்டது. ரேடியோ மூச்சிரைப்புக்காரர் என்பதும், இன்ஹேலர் அந்தப் பைக்குள் இருந்தது என்பதும் ஆறு இருபதுக்கு அவரே சொல்லித்தான் தெரியும்.

"காத்தாடியும் ஓடல, விளக்கும் எரியல. என் மருந்து உங்க அலமாரியில உக்காந்திருக்கு, நான் இங்க தொங்கிட்டிருக்கேன். நல்ல கூத்து."

"பேச்சைக் குறைங்க. மூச்சு மிச்சமாகும்."

"பேசாம இருந்தா பயமா இருக்கு தம்பி."

மெக்கானிக் ஆறு இருபத்தைந்துக்கே வந்துவிட்டார். அதை மறைக்கவில்லை. மேலே ஏறிப் பார்த்துவிட்டு வியர்வையோடு இறங்கி வந்தார். பிரேக் இறுகிவிட்டது, கையால் சுற்றி இறக்க முடியாது, பெட்டியின் கூரையைத் திறந்துதான் ஆளை எடுக்க வேண்டும் என்றார்.

"திற, யார் வேண்டாம்னா?"

"ரெண்டும் ஒரே குழியில ஓடுது சார். நடுவுல வெறும் இரும்புச் சட்டம். கண்ணாடி லிஃப்டைப் பத்து நிமிஷம் நிறுத்துங்க. நிறுத்தாம நான் அங்க போய் நின்னா, அது இறங்கறப்ப என் தலையையும் சேர்த்து இறக்கிடும்."

அன்று சங்கத் தலைவருக்கு இருபத்தைந்தாவது திருமண நாள். மொட்டை மாடியில் விருந்து, நூற்று நாற்பது பேர். இருபத்திரண்டு மாடி ஏறிப் போக வேண்டும். காலையிலேயே தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "இன்னிக்குக் கண்ணாடி லிஃப்ட் ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. நின்னா நீ நிக்க மாட்டே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் சொன்னது சொன்னதுதானே. என் கையில் என்ன இருந்தது?

மெக்கானிக்கைக் காவலாளி அறையில் உட்கார வைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

"இதே கண்ணாடி லிஃப்ட் மாட்டியிருந்தா என்னைப் பொறுக்கச் சொல்வீங்களா சார்?"

"அது வேற" என்றேன்.

இப்போதும் அதையேதான் சொல்வேன். அது வேறுதான். அவர்களுக்குக் காத்திருந்து பழக்கமில்லை. இவர்களுக்குப் பழக்கம் உண்டு. ரேஷனில், மருத்துவமனையில், பேருந்து நிறுத்தத்தில், எங்கே இவர்கள் காத்திருக்கவில்லை? நானும் அப்படிக் காத்திருந்து வந்தவன்தான். அரை மணி நேரம் ஒரு பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை.

காவலாளி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வைக்கலாமா என்று காதோடு கேட்டார். வாசலில் பூ அலங்காரம். அதற்கு நடுவே ஆம்புலன்ஸ் நின்றால் எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்றேன்.

ஆனால் நான் அவரை அப்படியே விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இன்டர்காமை எடுத்தேன். உட்காருங்கள் என்றேன். கதவு இடுக்கில் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முதலில் பதில் நீளமாக வந்தது. பெரியவருக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது, யாரையாவது அனுப்புங்கள் என்றார். அப்புறம் ஒரு வரியானது. அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது, விசிலடிப்பது போல.

ஆறு ஐம்பதுக்குக் கடைசியாகப் பேசினார்.

"சார்" என்றார். "சார், கதவைத் திறந்து விடுங்க சார்."

மூன்று வருடமாகச் சொல்லியும் வராத வார்த்தை. மறைப்பானேன், அந்த நேரத்திலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதோ ஆயிற்று அம்மா என்றேன்.

ஏழு ஐம்பத்தைந்துக்குக் கூரையைத் திறந்தபோது உயிர் இல்லை. ஏழேகாலுக்குள் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள், தலைவர் உத்தரவு, அதனால் நிறுத்த முடியவில்லை. இதுவரை மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றிலும் இதுதான்.

ஆனால் நீங்கள் லிஃப்டின் பதிவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டீர்கள். ஆறு ஐம்பத்து நான்குக்குப் பிறகு கண்ணாடி லிஃப்ட் ஒரே ஒரு முறைதான் மேலே போயிருக்கிறது. ஏழு இரண்டுக்கு. அதில் போன விருந்தாளி யார் என்று கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

ஆறு ஐம்பத்தெட்டுக்குத் தலைவர் மேலிருந்து போன் செய்தார்.

"நம்ம ஆளுங்க எல்லாம் வந்தாச்சுய்யா. ஏதோ மணி அடிச்சுதாமே, யாராவது மாட்டிக்கிட்டாங்களா? எதுக்கும் லிஃப்டை நிறுத்திப் பாரு. நாளைக்குப் பேரு கெட்டுடக் கூடாது."

"யாருமில்ல சார். மணியைச் சோதிச்சுப் பார்த்தோம்" என்றேன்.

ஏனென்றால் அப்போது என் மனைவியும் மகளும் கூடத்துக்கு வந்து நின்றுவிட்டார்கள். தலைவர் எனக்கும் அழைப்பிதழ் கொடுத்திருந்தார் மேடம். என் பெயரை அவர் கையாலேயே எழுதி, குடும்பத்துடன் என்று போட்டு. நாங்கள் இருப்பது நிலவறையில், தண்ணீர் மோட்டார் அறைக்கு அடுத்த அறை. ஒன்பதாம் மாடியில் தோழி இருந்தும், என் மகள் பதினான்கு வயதுவரை சாமான் லிஃப்டில்தான் போய் வந்திருக்கிறாள். அன்று புது உடுப்பில், தலைமுடியை இரண்டு முறை அவிழ்த்துப் பின்னி, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, நாமளும் இதுலயா போறோம்?"

பத்து நிமிடம் நிறுத்தியிருந்தால் அவள் கூடத்தில் காத்து நிற்க வேண்டியிருந்திருக்கும். யாராவது கீழே வந்து பார்த்திருந்தால், மேலாளர் பெண் இங்கே ஏன் நிற்கிறாள் என்று கேட்டிருப்பார்கள்.

ஏறினோம். மூன்று பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடி. எந்தப் பக்கம் பார்த்தாலும் நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருந்தோம். பதினொன்றைத் தாண்டும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. பலமாக இல்லை. உள்ளங்கையால் தட்டுவது போல, விட்டு விட்டு.

"அப்பா, யாரோ தட்டுறாங்க."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"பழைய லிஃப்ட்மா" என்றேன். "அது அப்படித்தான் சத்தம் போடும்."

மேலே கதவு திறந்ததும் தலைவரே வந்து கை கொடுத்தார். யாரும் மாட்டலையே என்று இன்னொரு தடவை கேட்டார். அப்போது சொல்லியிருந்தாலும் நேரம் இருந்தது, எனக்குத் தெரியும். யாருமில்லை சார் என்றேன். என் மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், அத்தனை பேர் முன்னால். அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு இறங்க என்னால் எப்படி முடியும், மேடம்?