சரியான புத்தகத்தோடை வந்தவர்

நெல்லியடியிலையிருந்து சைக்கிள் உழக்கியே வந்தனீங்கள், இந்த வெய்யிலுக்கை? இருங்கோ தம்பி. அந்தக் கதிரை வேண்டாம், அதிலை கிளச்சுத் தட்டுக் காயுது. இஞ்சாலை இருங்கோ. காலைப் பாத்து வையுங்கோ, நிலத்திலை கிடக்கிறதெல்லாம் எங்கடை மோட்டச்சைக்கிள்தான்.

ஓம், இராசநாயகத்தின்ரை வீடுதான். நான் அவற்றை மனிசி, இராசமலர். அவர் கொழும்புத்துறைப் பக்கம் போட்டார், அங்கை ஆரிட்டையோ புத்தகம் இருக்காமெண்டு. வந்திடுவார். பிளேன்ரீ குடியுங்கோ. சீனி இல்லை, பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடியுங்கோ.

ஓமோம், மோட்டச்சைக்கிள் பூட்டிற புத்தகம் வேணுமெண்டு கடையிலை எழுதி ஒட்டினது அவர்தான். உங்களுக்கு முன்னமும் ஆக்கள் வந்தவை. முதல் வந்தது அருட்பிரகாசம் மாஸ்ரர். அவர் கொண்டந்த புத்தகம் முழுக்க யப்பான் பாசை. எங்கடை மனிசன் விடேல்லையே. படம் எல்லாப் பாசையிலையும் படம்தானே எண்டு சொல்லி, தலை முழுகித் திருநீறு பூசி, புத்தகத்தை முன்னாலை விரிச்சு வைச்சுப் பூட்டத் தொடங்கினார். பின்னேரம் முடிச்சார். பாத்தால் ஒரு சுண்டு நிறைய நட்டு மிஞ்சிக் கிடக்கு. உது மேலதிகமாப் போட்டிருப்பாங்கள் எண்டார். உதைச்சார். உதைக்கிற கம்பி கழண்டு பறந்துபோய்க் கிணத்துக்கை விழுந்தது.

பிறகு குருநகரிலையிருந்து பெர்னடெட் அக்கா, தமையன்ரை புத்தகம் எண்டு ஒண்டு கொண்டந்தா. அது வள்ளத்து மிசின்ரை புத்தகம். இவர் அதையும் விடாமல் வாசிச்சார். வாசிச்சுப்போட்டு என்னட்டை வந்து கேக்கிறார், ஏன் இராசமலர், இதின்ரை காத்தாடியைக் கண்டனீயே எண்டு. மோட்டச்சைக்கிளுக்கு எங்காலை தம்பி காத்தாடி?

ஏன் கழட்டினவரெண்டோ? பெற்றோல் எங்கை இருக்கு. மண்ணெண்ணெயிலை ஓடி ஓடி உள்ளெல்லாம் கரி. துடைச்சுப் பூட்டப்போறன் எண்டு கழட்டினவர். திருத்திற முருகேசண்ணை கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டார் எண்டது கழட்டினாப் பிறகுதான் தெரியும். இதை எங்களுக்கு வித்த மனிசனும் கனடாவிலை. அவர் புத்தகம் தரேல்லை, கண்ணாடியும் ஒண்டுதான் தந்தவர்.

எங்கை, உங்கடையைக் காட்டுங்கோ பாப்பம்.

ஓம். படத்திலை இதே பெற்றோல் டாங்கிதான். பக்க மூடியும் இதுதான். பொறுங்கோ, எஞ்சினிலை அடிச்சிருக்கிற எழுத்தையும் பாப்பம். ஓம், இதுவேதான். இங்கிலிசிலை வேறை இருக்கு. அவர் நல்லா இங்கிலிஸ் வாசிப்பார். இதைக் கண்டால் நாளைக்கே பூட்டி ஓடத் தொடங்கிடுவார்.

இல்லைத் தம்பி, ஏன் முகம் மாறப்போகுது. நீங்கள் வந்ததிலை சந்தோசம்தான்.

அவர் இதிலை என்ன ஓட்டம் ஓடினவரெண்டு உங்களுக்குத் தெரியாதுதானே. கிளாலிக்கு ஆக்களை ஏத்திறவர். சண்டையாலை பாதை பூட்டினாப் பிறகு சனம் அங்கையிருந்துதானே படகிலை அக்கரைக்குப் போகுது. பொழுதுபட வெளிக்கிட்டால் விடியத்தான் வருவார். கடலிலை நேவி, மேலை ஹெலி. மாசியிலை அவர் கொண்டுபோய்ப் படகேத்திவிட்ட ஒரு தாயும் மகளும் அக்கரைக்குப் போய்ச் சேரேல்லை. அண்டைக்கு வந்து கிணத்துக்கட்டிலை குந்தினவர், சாப்பிடவும் எழும்பேல்லை. அடுத்த நாள் திரும்பவும் போனார். நான் போகாட்டில் ஆர் கொண்டுபோறது எண்டு கேட்டார்.

இதைக் கழட்டினாப் பிறகுதான் மனிசன் வீட்டிலை படுக்குது. அவற்றை குறட்டை அயலெல்லாம் கேக்கும். நான் முழிச்சுக் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பன். ஒருநாள் எப்பிடியும் பூட்டிப்போடுவார், எனக்குத் தெரியும். ஆனால் அது இந்தக் கிழமையா இருக்க வேண்டாம்.

படலை திறக்கிற சத்தம். அவர்தான். புத்தகத்தைக் கெதியா உங்கடை பைக்குள்ளை வையுங்கோ தம்பி. கேட்டால், சேவல் வாங்க வந்தனான் எண்டு சொல்லுங்கோ. காசு வேண்டாம், அந்தக் கறுத்தச் சேவலைக் கொண்டு போங்கோ. உது லேசிலை பிடிபடாது, பொறுங்கோ, அவரையே பிடிச்சுத் தரச் சொல்லுறன்.