சாக்பீஸ் கோடு

இந்த ஸ்டேஷன் காப்பி இன்னும் அதே கழுநீர்தான், சார்ஜென்ட். வருஷக்கணக்காக இதைக் குடித்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் ரோந்து போனவன் நான். காலில் குண்டு பட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணும் கையும் நன்றாகத்தான் இருந்தன. சினிமாக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

வேலை சுலபம். படத்தில் திருடன் சுடுவான். அவன் துப்பாக்கியில் வெறும் புகைதான். கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிஜக் குண்டைச் சுடுகிறவன் நான். நடிகன் தோளோரம் தூண் சிதறும், கொட்டகையில் ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். நடிகன் செய்ய வேண்டியதெல்லாம் நான் தரையில் போட்ட சாக்பீஸ் கோட்டில் வந்து நிற்பதுதான்.

கிளைட் ரென்ஃப்ரோவுக்கு அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது. படத்துக்குப் படம் போலீஸ்காரனாக வருவான். வெடிச்சத்தம் ஆகாதென்று காதில் பஞ்சை அடைத்துக்கொள்வான். ஊமைப் படம்தானே, யார் கேட்கப் போகிறார்கள். அந்த ஆளுக்கு நீங்கள் கௌரவ பேட்ஜ் குத்தி, ஊர்வலத்தில் முதல் காரில் ஏற்றினீர்கள். நான் நடைபாதையில் நின்று பார்த்தேன். கோபம் வரவில்லை. கோமாளி மேல் யாராவது கோபப்படுவார்களா?

பேங்க் கொள்ளைக் காட்சிக்கு முந்தின நாள் அவன் டைரக்டரிடம் என்னைப் பற்றிப் பேசியது காதில் விழுந்தது.

"டோபினுக்குக் கை நடுங்குதுங்க. பாவம், வயசாயிருச்சு. மனசு நோகாம வேற ஆளப் பாருங்க."

"நாளைக்கு மட்டும் அவர் சுடட்டும்பா. அப்புறம் அனுப்பிரலாம்."

பாவமாம். எனக்கு மிச்சம் இருந்ததே இந்தக் கைதான். அதையும் பரிதாபப்பட்டே பிடுங்கப் பார்த்தான்.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போனபோது பழைய கோட்டை அழித்துவிட்டு, தூணுக்கு நேர் முன்னால் புதிதாக ஒன்று போட்டேன். திரும்பி வந்த கேமராமேன் பார்த்தான். "இப்பதான் முகம் நல்லா விழும்" என்று என்னைப் பாராட்டினான். குண்டு எங்கே போகும் என்று அந்த மண்டைக்குத் தோன்றவில்லை. விசாரணையில் எதையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தானாம்.

கிளைட் ஓடி வந்து கோட்டில் நின்றான். சுட்டேன். விழுந்தான்.

"அப்படித்தான் கிளைட், கைய நீட்டு. யாரும் கேமராவ நிறுத்தாதீங்க" என்றார் டைரக்டர்.

நான்தான் கிட்டே போனேன். "கோட்டுலதானே நின்னேன், டோபின்?" என்று கேட்டான். தலையை ஆட்டினேன். சொன்னால் கேட்காது, காதில் பஞ்சு.

படத்தில் அவன் வாய் அசைகிற அந்த இடத்தில் 'என் கடமை முடிந்தது' என்று எழுத்துப் போடுகிறார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அது போகட்டும்.

நான் வந்தது உங்கள் ரிப்போர்ட்டுக்காக. கை நடுங்கிக் குறி தப்பியது, விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்களாம். வாசலில் உங்கள் ஆள் என் தோளைத் தட்டி, "விடுங்க பெரியவரே, யாருக்கும் நடக்கறதுதான்" என்கிறான்.

எனக்கு யார் மேலும் பகை இல்லை, சார்ஜென்ட். தப்பாக எழுதியதைத் திருத்துங்கள், போதும். அந்தத் தூணை இன்னும் உடைக்கவில்லை. போய்ச் சுரண்டிப் பாருங்கள். அன்று காலையில் நான் சோதனைக்குச் சுட்ட ஓட்டைக்குள்ளேயே, அவனைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டும் உட்கார்ந்திருக்கிறது. அது நடுங்குகிற கையா, நீங்களே சொல்லுங்கள்.