கிளாத்தி கடிச்ச மாப்பிள்ளை

ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மைக்கைக் குடுத்துடறேன்... பந்தியில சாம்பார் ஆறுதுன்னு எனக்கும் தெரியும். கல்யாணப் பொண்ணோட அப்பா முன்வரிசையில உக்காந்திருக்காரு. அவருக்காகத்தான் இந்தக் கதை.

பாளையங்கோட்டையில சவரிமுத்து அண்ணாச்சின்னு ஒருத்தர். மீன் வாங்குறதுல மன்னன்! எப்படி வாங்குவாரு? செவுளைத் தூக்கிப் பாப்பாரு. சிவப்பா இருக்கா? வயித்தை அமுக்குவாரு. கண்ணுக்குள்ள குனிஞ்சு பாப்பாரு. மீன்காரம்மா கத்தும், "ஏன் அண்ணாச்சி, அது செத்த மீனு! வைத்தியமா பாக்கப் போறீய?"

மீனோட நின்னாரா? மக பிரிஸ்காவுக்கு வந்த மாப்பிள்ளைகளையும் அப்படித்தான். ஒருத்தன் கண்ணிமையைக் கீழ இழுத்துப் பாத்து மஞ்சக்காமாலையான்னு கேட்டாரு. அவன் காபியக்கூடக் குடிக்காம போயிட்டான்.

அப்பதான் அந்த மக சொல்லுச்சு, "அப்பா, எனக்கு ஜெரோமைப் பிடிச்சிருக்கு. அந்தமான்ல, கடலுக்குள்ள முங்கிப் பாக்குற ஸ்கூபா சொல்லிக் குடுக்குறாரு. கட்டுனா அவரைத்தான்."

"கடலுக்கடியில ஒரு உத்தியோகமா? நான் நேர்ல பாக்காம ஒத்துக்க மாட்டேன்."

அந்தமானுக்கே கிளம்பிப் போயிட்டாரு! அறுபத்தோரு வயசு. கருப்பு ரப்பர் சட்டைக்குள்ள அந்தத் தொந்தியை ரெண்டு பேரு சேந்து திணிச்சாங்க. முதுகுல சிலிண்டர், வாயில காத்துக் குழாய், கால்ல ரப்பர் துடுப்பு. ஜெரோம் பையப் பணிவா சொன்னான், "மாமா, ரெண்டே விஷயம். மூச்சை அடக்காதீங்க. எதையும் தொடாதீங்க."

"சரி தம்பி."

இறங்குனாங்க... ஆஹா! பவளப்பாறைன்னா கல்லுன்னுதான நினைச்சிருந்தாரு? ஊதாவுல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு, மான்கொம்பா விரிஞ்சு ஒண்ணு. கிளிமீன் பாறையைக் கடிக்குது... கரக், கரக்... முறுக்கு கடிக்கிற சத்தம்! அண்ணாச்சி சொக்கிப் போயிட்டாரு.

அங்க மணல்ல ஒரு குழி. குழிக்கு மேல முழ நீளத்துல ஒரு கிளாத்தி மீன். அம்புட்டுப் பெரிய மீனை உயிரோட அவர் பாத்ததே இல்ல. நாப்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானா நீண்டுச்சு... எதுக்கு? செவுளைத் தூக்க!

விட்டுச்சா அது? குழிக்குள்ள அதோட முட்டை இருக்குய்யா! பாஞ்சு வந்து அவர் கால் துடுப்பைக் கவ்விருச்சு. அண்ணாச்சி "ஏலே!"ன்னு கத்துனாரு. கத்துனா என்ன ஆகும்? வாயில இருந்த குழாய் போச்சு! மேல பாத்துக் கையை உதறுறாரு. மூச்சை அடக்கிட்டு சட்டுனு மேல வந்தா நெஞ்சு தாங்காது... ஆள் பொழைக்கிறதே கஷ்டம்.

ஜெரோம் ஒரு கையால அவரைப் பிடிச்சான். மறு கையால குழாயை வாயில வச்சான். அவர் கண்ணைப் பாத்துக்கிட்டே, மெதுவா... மெதுவா... அவரைப் பக்கவாட்டுல நகத்துனான். மீன் திரும்பி வந்துச்சு. தன் காலை நடுவுல குடுத்தான். கடிச்சுது. அப்பவும் அவரை விடல.

படகுல ஏறுனா, பையன் கெண்டைக்கால்ல ரத்தம். அண்ணாச்சிக்குத் தலை நிமிரல. "தம்பி, நீ தொடாதன்னு சொன்ன. நான் தொடப் போனேன். கடி உனக்கு..."

"விடுங்க மாமா. அது முட்டையைக் காவல் காக்குது, யார் வந்தாலும் கடிக்கும். பிரிஸ்காவுக்காக நீங்களும் அதத்தான பண்றீங்க? எனக்கு வருத்தமே இல்ல."

அண்ணாச்சி அழுதுட்டாரு. மூக்கை உறிஞ்சிக்கிட்டுக் கேட்டாரு, "அடுத்த மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவமா?"

இப்ப சொல்லுங்க... அந்தப் பையன் குணம் எதுல தெரிஞ்சுது? இமையை இழுத்துப் பாத்ததுலயா? உசிரு போற நேரத்துல பிடிச்ச கையை விடாம இருந்தான் பாருங்க, அதுல! செத்த மீனுக்குத்தான்யா செவுள் பாக்கணும். உயிரோட இருக்கிற மனுஷனைக் கூட இருந்துதான் பாக்கணும்.

மாப்பிள்ளைத் தம்பி, மாமனார் கடிச்சா கோவப்படாத. அது பாசம். ஆனா... பொண்ணோட அப்பா, முன்வரிசை அண்ணாச்சி! சிரிக்காதீங்க, உங்களத்தான்! காலையில தாலி கட்டியாச்சு. முட்டை பொரிஞ்சு குஞ்சு நீந்தப் போயிருச்சு. நீங்க மட்டும் இன்னும் வெறுங்குழிக்குக் காவல் நின்னு மாப்பிள்ளையக் கடிக்கலாமா? வாங்க... இன்னிக்கு அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க.