பூமாலை கண்டுபிடிக்கவில்லை

தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் ராமசாமி அவர்களே, வடக்கனந்தலின் வணக்கத்துக்குரிய சான்றோர்களே, கரும்பு வெட்டிய களைப்போடு நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் மடியில் மாலையோடு அமர்ந்திருக்கும் காசியம்மாள் அம்மா அவர்களே, வணக்கம். கை தட்டாதீர்கள். இது இரங்கல் மேடை.

யார் இந்தப் பூமாலை? மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டிய காசியம்மாளின் மகள். எங்கே போனாள்? பூமிக்கடியில், ஒரு பழைய சுரங்கத்துக்குள் போனாள். எதைத் தேடினாள்? விண்மீன் கூட்டங்களைச் சிதறாமல் பிடித்து வைத்திருக்கும், இதுவரை எவர் கருவிக்கும் சிக்காத கரும்பொருளைத் தேடினாள். வானத்துக் கதிர்கள் எட்டாத ஆழத்தில், கடுங்குளிரில் ஒரு படிகத்தை வைத்து, கரும்பொருள் மோதி அது ஒருமுறை அதிராதா என்று காத்திருந்தாள். கல்யாணத்தை மறந்து காத்திருந்தாள். கண் மங்கக் காத்திருந்தாள்.

தொண்ணூறில் அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, வடக்கே இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கூச்சல். இந்த இரண்டாயிரத்து ஆறிலும் அதே கூச்சல். "ஒதுக்கீட்டில் வந்தவளுக்குத் திறமை ஏது?" என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

அந்த நேரத்தில் படிகம் அதிர்ந்தது. "அறிவித்துவிடு, பேசிய வாயெல்லாம் அடைபடும்" என்றார்கள் கூட்டாளிகள். உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அவளோ அவகாசம் கேட்டு, கருவியைத் திருகு திருகாகக் கழற்றினாள். கருவியின் கம்பியைப் பற்றவைத்த ஈயத்திலிருந்து கசிந்த கதிர்தான் படிகத்தை அதிரவைத்திருக்கிறது. "கரும்பொருள் கிடைக்கவில்லை" என்று அவளே உலகத்துக்கு அறிவித்தாள்.

"அப்பால கெடைச்சுதாங்க?" பின்னாலிருந்து கேட்கிறீர்கள். இல்லை தம்பி. ஆடியில் அவள் போய்விட்டாள்.

என் முதுகுக்குப் பின்னால், பலகையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 'கரும்பொருளைக் கண்டுபிடித்த கள்ளக்குறிச்சிச் சீமையின் கண்மணி.' ஆசையில் எழுதிவிட்டோம். சற்றுமுன் யாரோ படித்துக் காட்ட, காசியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, கெடைக்கலன்னு சொல்லிட்டுத்தான் எம்பொண்ணு கண்ண மூடுச்சி. நீங்க கெடச்சிடுச்சின்னு போட்டுக்கினு இருக்கீங்க. அத அழிங்க. அப்பதான் நான் அது படத்துக்கு மால போடுவேன்."

"இருக்கட்டும்ங்க, ஊருக்குப் பெருமதான" என்கிறீர்கள். எதய்யா பெருமை? புகழ் வாசலில் வந்து நின்றபோதும் பொய் சொல்லாதவள் அவள். திறமை ஏது என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலே அந்த 'இல்லை'தான். உலகமே கேலி செய்தாலும் அதை அவள் விடவில்லை. அன்பு மிகுந்த நாம் அதை அழிக்கலாமா?

தங்கமணி, ஏணியைப் போடப்பா. அந்தக் 'கண்டுபிடித்த' என்ற சொல்லின் மேல் வெள்ளையடி. 'தேடிய' என்று எழுது. நான் காத்திருக்கிறேன்; நீங்களும் காத்திருங்கள்.

ஆயிற்றா? பொறுமை காத்த பெரியோருக்கும், கண் கலங்கி நிற்கும் தாய்மார்க்கும் என் நன்றி, வணக்கம்.

காசியம்மா, வாங்க. இப்பப் போடுங்க.