பதினோரு நிமிடக் குறுக்குக் காற்று

பனிமலைக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் செய்கிற முதல் தவறு, ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை மட்டும் எடுத்துப் போவது. மூன்று வேண்டும், ஐயா. ஒன்று காலில், ஒன்று காய்கிற இடத்தில், ஒன்று யார் கையும் படாமல் பெட்டியில். இதை எழுதிக்கொள்ள வேண்டியதில்லை என்று நினைக்கிறீர்கள், உங்கள் பேனா அசையவில்லை. பரவாயில்லை. ஆனால் நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நான் காலுறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் விதோசவ். வயது அறுபத்து மூன்று. க்ராலியெவோ பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் கால அட்டவணை போட்டவன். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சுவரில் மாட்டியிருக்குமே, அது என் வேலை. பஸ்கள் அதன்படி கிளம்பியதில்லை என்பதற்கு நான் பொறுப்பில்லை.

பத்தொன்பது வருடமாக ஜனவரி மூன்றாவது வாரத்தில் நாங்கள் இரண்டு குடும்பம் கொபாவோனிக் மலைக்கு வருகிறோம். நானும் என் மனைவி ஸ்தானாவும். என் கூம் ரதோய்கோவும் அவன் மனைவி ஒல்கீட்சாவும். ரதோய்கோ என் திருமணத்தில் சாட்சியாக நின்றவன். என் மகளை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தியவன். அந்த உறவுக்குத்தான் கூம் என்று பெயர். நம் ஊரில் சொந்தத் தம்பியோடு பத்து வருடம் பேசாமல் இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கூமுக்கு ஒரு கெடுதல் செய்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால்தான் இது முறையாகப் பதிவாக வேண்டும் என்று நானே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

திட்டத்தை நான் அக்டோபரில் தொடங்குவேன். நான்கு பக்கம் வரும். பனியில் வழுக்காமல் இருக்க மாட்டும் டயர்ச் சங்கிலி பெட்டிகளுக்கு அடியில் இருக்கக் கூடாது, மேலே இருக்க வேண்டும். அதை மாட்டுவதற்கு வீட்டு முற்றத்தில், வெயிலில், ஸ்தானா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஆறு முறை பழகுவேன். முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிய சர்மாவைப் பானையோடு உறைய வைத்துக் கொண்டு வந்தால் மற்றச் சாப்பாட்டுக்கு அதுவே ஐஸ் கட்டி. சறுக்குக் கட்டைகளை மலைக்குக் கீழே உள்ள ஊரிலேயே வாடகைக்கு எடுத்துவிட வேண்டும். மேலே சனிக்கிழமை போனால் பூட்ஸில் ஆகச் சிறிய முப்பத்தேழும் ஆகப் பெரிய நாற்பத்தேழும்தான் மிஞ்சியிருக்கும். நாடே மொச்சைச் சூப்புக்கு உட்காரும் பகல் பன்னிரண்டு மணிக்குச் சரிவில் ஏறினால் நாற்காலி லிப்டில் வரிசை இருக்காது. யார் எப்போது குளிப்பது, யார் காலுறை எந்தக் கம்பியில், எல்லாம் மூன்றாம் பக்கம். நான்காம் பக்கத்தின் தலைப்பு ‘எதிர்பாராதவை’. அவற்றுக்கும் நேரம் குறித்திருப்பேன்.

ரதோய்கோ ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவான். திட்டத்தை நீட்டினால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொல்வான். “போய்ப் பாத்துக்கலாம், கூமே.”

போய்ப் பார்த்துக்கொண்டும் இருந்தான், அதுதான் என் வயிற்றெரிச்சல். அவனிடம் சங்கிலி கிடையாது. அவன் வண்டிக்கு முன்னால் எப்போதும் பனி அள்ளும் வண்டி போய்க்கொண்டிருக்கும். ஒரு வருடம் கடையில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் மிச்சம். அது அவன் அளவு. இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்த எனக்கு இரண்டும் இடது கால் பூட்ஸாகக் கொடுத்தார்கள். ஒரு வாரம் அதில் சறுக்கினேன். புகார் சொல்வதற்கு நான்காம் பக்கத்தில் நேரம் இல்லை.

இவ்வளவும் பொறுத்தேன். இந்த வருடம், பதினாறாம் தேதி, காலைச் சாப்பாட்டு மேசையில் ஒல்கீட்சா ரொட்டியில் குடைமிளகாய்த் தொக்கைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“அடுத்த வருஷம் ப்ளான் போடற வேலைய ரதோய்கோகிட்ட விட்ருவோமா, கூமே? நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்.”

“எனக்கென்ன, போட்டுட்டாப் போச்சு,” என்றான் ரதோய்கோ. “நாலு பக்கமெல்லாம் எதுக்கு? நாலு வார்த்தை போதும். கெளம்புவோம், போவோம், சாப்புடுவோம், வருவோம்.”

“அதுல குளிக்கிறது எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு வாரம் குளிக்கலைன்னா யாரும் செத்துப்போயிட மாட்டாங்கய்யா.”

சிரித்தார்கள். ஸ்தானாவும் சிரித்தாள். “நல்லதுதாங்க, விடுங்களேன், அவரே போடட்டும்,” என்றாள். அது எனக்கு வலித்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை, ஐயா. வருடத்தில் நான்கு மாதம் எனக்கு அந்தத் திட்டம் இருக்கிறது. மற்ற எட்டு மாதம் அக்டோபர் வருவதற்காக உட்கார்ந்திருக்கிறேன். அதை ஒரு ரொட்டித் துண்டைக் கடிக்கிற நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். ரதோய்கோவுக்கு ஏதாவது வர வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ள முடியாத ஒன்று.

பதினேழாம் தேதி அவனைக் குளிர்ந்த கல் சுவரில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அப்படி உட்கார்ந்தால் சிறுநீரகம் போய்விடும் என்பது குழந்தைக்கும் தெரியும். இருபது நிமிடம் என்பது என் கணக்கு. இரண்டாவது நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, “ஐயோ, இப்படியா உக்காருவீங்க,” என்று தன் கம்பளிக் கோட்டை அவனுக்குக் கீழே விரித்துவிட்டாள். எனக்கு ஒன்றும் விரிக்கவில்லை. எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பதினெட்டாம் தேதி, வியர்க்க வியர்க்கச் சறுக்கி இறங்கியவனுக்கு ஐஸ் போட்ட தண்ணீர் கொடுத்தேன். குடித்தான். ஏப்பம் விட்டான். இன்னொன்று கேட்டான்.

பத்தொன்பதாம் தேதிக்கு வருகிறேன். நீங்கள் இப்போது பேனாவை எடுத்துக்கொள்வது நல்லது.

பிற்பகல் இரண்டு நாற்பதிலிருந்து மூன்றரை வரை திட்டப்படி ஓய்வு. பெண்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். ரதோய்கோ தலைக்குக் குளித்துவிட்டு, துவட்டாமல், ஈரத் தலையோடு சோபாவில் படுத்துத் தூங்கிப்போனான். அந்த சோபா பால்கனிக் கதவுக்கும் நடைக் கதவுக்கும் நேர் நடுவே கிடக்கிறது. தற்செயலாக அல்ல. வந்த அன்றே, வெளிச்சத்துக்காக என்று சொல்லி நான்தான் அதை நகர்த்திப் போட்டேன்.

பால்கனிக் கதவை ஒரு சாண் திறந்தேன். நடைக் கதவைத் திறந்து பூட்ஸை முட்டுக்கொடுத்தேன். காற்று சரியாகப் போகிறதா என்று நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நூல் அவன் கழுத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. ஈரத் தலையில் குறுக்குக் காற்று என்றால் என்னவென்று உங்களுக்கும் வீட்டில் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். என் அத்தைக்கு லாபோவோ போகிற ரயிலில் ஒன்பது நிமிடத்தில் வாய் கோணிவிட்டது. ரதோய்கோ பெரிய உடம்புக்காரன். இரண்டு நிமிடம் கூட்டினேன். பதினோரு நிமிடம். நான் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் இரண்டு கதவையும் சாத்திவிட்டு அவனுக்குப் போர்வை போர்த்தினேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் அல்ல.

நீங்கள் இருமுகிறீர்கள். சிரிப்பை அடக்குகிற இருமல் அது. கொலை முயற்சி என்று ஒரு பிரிவு இருக்கிறதல்லவா, அதில் எழுதுங்கள்.

அவன் எழுந்தபோது கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை. ஒல்கீட்சா வாசலில் நுழைந்ததுமே மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். “இங்க குறுக்குக் காத்து அடிச்சிருக்கு. எவன் கதவத் தொறந்தது?”

“காத்தாத்தான் தொறந்திருக்கும்,” என்றேன்.

ரக்கியாச் சாராயத்தில் துணியை நனைத்து அவன் கழுத்தில் கட்டினோம். முடிச்சுப் போட்டது நான். “நீ இல்லன்னா என்ன ஆகியிருக்கும், கூமே,” என்றான் அவன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் இருபதாம் தேதி, யோவான் திருநாள். கூம் உறவுக்கே காவலான புனிதர் அவர். அவருடைய நாளாகப் பார்த்து இப்படி ஆனது. படுத்திரு என்று எல்லோரும் சொல்லியும் ரதோய்கோ சறுக்கப் போனான். தலை திரும்புகிற பக்கம்தானே உடம்பும் திரும்பும். பாதை பிரிகிற முதல் இடத்தில் வலது, இரண்டாவதில் வலது, மூன்றாவதிலும் வலது. இந்த மலையில் மூன்று முறை வலது திரும்பினால் அடுத்த பள்ளத்தாக்கு. பத்து இருபதுக்கு அவனைக் கடைசியாகப் பார்த்தேன். பதினொன்றரைக்கு லிப்ட் பக்கத்துப் பெஞ்சில் இருந்திருக்க வேண்டும். இல்லை.

நான் பயந்துவிட்டேன், ஐயா. அதை மறைக்கவில்லை. மலை மீட்புக் குழுவைக் கூப்பிட்டதே நான்தான். குழுத் தலைவி வந்து, அவனை யார் எப்போது எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். மற்றவர்கள் ‘காலையில்’ என்றார்கள். நான் நிமிடக் கணக்கில் சொன்னேன், அவன் போட்டிருந்த காலுறையின் நிறம் உட்பட. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வரைபடத்தை என் பக்கம் திருப்பி, பென்சிலைக் கொடுத்தாள்.

நாற்பத்தொரு பேர். எங்கள் கட்டடத்தில் தங்கியிருந்தவர்கள், லிப்ட் ஊழியர்கள், பயிற்சி கொடுப்பவர்கள். ஐந்து குழுவாகப் பிரித்தேன். இருபது நிமிடத்துக்கு ஒரு குழு தேநீருக்குத் திரும்பும், அதே நிமிடம் அடுத்தது கிளம்பும். குளிரில் போன் செத்துவிடும் என்பதால் குழுவுக்கு ஒரு போன், மற்றவை என் பையில். ஒருவர்கூட ஒரு நிமிடம் பிந்தவில்லை. முப்பத்தொரு வருடம் பஸ்களிடம் நான் கண்டிராத ஒழுங்கு அது. ஒல்கீட்சா அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப என்ன பண்றது, கூமே? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றபடியே செய்யறோம்.”

ஸ்தானாவும் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்த போனைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், வந்தது. அது பெரிய விஷயமில்லை. ரதோய்கோதான் பேசினான்.

“கூமே, நான் நல்லாருக்கேன். எங்கயோ எறங்கிட்டேன். இங்க ஒரு வீட்ல திருநாள். யாரு என்னன்னுகூட கேக்காம உள்ள இழுத்து உக்கார வெச்சிட்டாங்க. பன்னி வறுத்திருக்காங்க பாரு, தோலு மொறுமொறுன்னு. ஒல்கீட்சா போனை எடுக்க மாட்டேங்கறா, அவகிட்ட சொல்லிடு.”

அவள் போன் என் பையில் இருந்தது.

“கேக் வந்திருச்சா?” என்று கேட்டேன். திருநாள் பந்தியில் கேக்தான் கடைசி, அதற்கு முன்னால் எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமரியாதை.

“இன்னும் இல்ல.”

“அப்ப இரு. அவசரமில்ல.”

போனைப் பையில் வைத்துவிட்டு நான்காம் குழுவை வடக்குக் காட்டுக்கு அனுப்பினேன். குறித்த நிமிடத்தில் கிளம்பினார்கள். இரண்டரைக்கு உங்கள் ஹெலிகாப்டர் வந்தது. அதற்கும் இடம் விட்டு வைத்திருந்தேன். ஒல்கீட்சா அழுவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. அவளுடைய தேநீர் முறையைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளிக் கொடுத்தேன். நான்கு ஐந்துக்கு அந்த வீட்டுக்காரரின் டிராக்டரில் ரதோய்கோ வந்து இறங்கினான், கையில் ஒரு பொட்டலத்தோடு. அந்த நிமிடம் வரை திட்டம் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

மூன்றே கால் மணி நேரம் எதற்காகச் சொல்லாமல் இருந்தாய் என்று திரும்பத் திரும்ப அதையே கேட்கிறீர்கள். கதவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கதவைத் திறந்தது நான்தான். வேண்டுமென்றே செய்தேன், பதினோரு நிமிடம், அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் தலைகுனிந்து ஏற்கிறேன். ஆனால் போன் விஷயத்தில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது, ஐயா. கேக் வருவதற்கு முன்னால் கூமைப் பந்தியிலிருந்து எழுப்புகிற ஆள் நான் இல்லை.